வெறும் பீங்கான் திருப்பாத ராத்தா

எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பீங்கான் தட்டில் ஏதாவது போனால், அந்தப் பீங்கான் வெறுமனே திரும்பி வராது. நோன்புக் கஞ்சி போனால் இரண்டு பேரீச்சம்பழம் வரும். இறைச்சிக் கறி போனால் வாழைப்பழம் வரும். ஒன்றுமே இல்லாத வீடென்றால் ஒரு கைப்பிடி சீனியாவது கிடக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கல்முனைக் கரையில் பிறந்தால் தெரிந்துவிடும்.

என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, இந்த வழக்கத்தை ஒரு தீராத வருத்தம், நோய் மாதிரிப் பிடித்து வைத்திருந்தாள்.

ஒரு நோன்பில் பக்கத்து வீட்டு மாமி கஞ்சி அனுப்பியிருந்தா. எங்கள் வீட்டில் திருப்பி வைக்க ஒன்றுமில்லை. சீனிப் போத்தலும் காலி. உம்மா, "நாளைக்கிக் குடுப்பம் புள்ள" என்றா. ராத்தா கேட்கவில்லை. மாமியின் மகன் சிப் போய் வாய் பிளந்த புத்தகப் பையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிவதை அவள் கண்டிருக்கிறாள். மதிலுக்கு மேலால் கையை நீட்டிப் பையை வாங்கினாள். தன்னுடைய பழைய கைப்பையிலிருந்து சிப்பைப் பிரித்து அதில் தைத்தாள். கழுவிய பீங்கானைப் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் மாமியின் தலை மதிலுக்கு மேலே வந்தது.

"என்னகா, கஞ்சி அனுப்பினா சிப்புத் தச்சு அனுப்புறாய்? நாளைக்கிப் புரியாணி அனுப்பினா என்ட கூரையப் போட்டுத் தருவியா?"

"முதல் புரியாணிய அனுப்புங்க மாமி. பொறவு கூரையப் பத்திக் கதைப்பம்."

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யாரிடமாவது நல்லதாக ஒன்றைக் கண்டால் அவளால் சும்மா வர முடியாது. "இத எப்படிச் செய்யிறீங்க?" என்று கேட்டே ஆக வேண்டும். கலியாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க, இவள் சமையல்காரரிடம் போய், இவ்வளவு சோறும் குழையாமல் எப்படி இறக்குகிறீர்கள் என்று கேட்பாள். கேட்டால் சொல்லாத ஆளை நான் கண்டதில்லை. நல்லாச் செய்கிற ஆட்களிடம் யாரும் கேட்பதில்லை போல. கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்துபோய்ச் சொல்லுவார்கள்.

ராத்தா எங்கள் ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு டீச்சர். நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு, பிறகு ஓட்டோ ஓடத் தொடங்கியவன். மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை, கத்தாரில். அதனால் ராத்தாவின் போக்குவரத்து முழுக்க என் தலையில். காலையில் உம்மாவின் காலில் உள்ள சீனி வருத்தப் புண்ணுக்கு ராத்தா மருந்து கட்டுவாள். கட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே "டேய், ஸ்டார்ட் பண்ணு" என்பாள். அது எங்கள் வீட்டின் காலைச் சத்தம்.

வேறு பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் போகும் கிறுக்கு அவளுக்கு எப்போது பிடித்ததென்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த முதல் பயணம் பெரியநீலாவணைக்கு. தன் சொந்த லீவைப் போட்டுவிட்டு, மடியில் ஒரு பீங்கான் தொதல் இனிப்பு வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

"ராத்தா, அங்க உனக்கு ஆரத் தெரியும்?"

"ஒராளையும் தெரியா."

"அப்ப எதுக்குப் போற?"

"அங்க கரைவலை இழுக்கிற ஆக்கள்ட பிள்ளைகள் லேட்டா வந்தும் நல்லாப் படிக்குதுகளாம். நம்மட பிள்ளைகள் வெள்ளாமை வெட்டுக்கு வயல் வட்டைக்குப் போய்த் திரும்பினா ஒண்டும் விளங்காம முழிக்குதுகள். அவங்க என்ன செய்யிறாங்கெண்டு பாக்கணும்."

அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் தொதலை வாங்கிவிட்டு ஆச்சரியப்பட்டா. பெரிய பொட்டு, கலகலவென்று சிரிக்கிற ஆள். ராத்தா விசயத்தைச் சொன்னதும், "ஐயோ டீச்சர், அப்பிடி ஒண்டும் நாங்க செய்யிறல்ல. சின்ன ஸ்கூல்தானே" என்றா.

எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள் என்று ராத்தா பிறகு எனக்குச் சொன்னாள். அதனால் அவள் வாதாடமாட்டாள். வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் போய்க் குந்திவிடுவாள். நான் வெளியில் ஜன்னலோடு நின்றேன். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பையன் வந்தான். வலை இழுக்கும் வாப்பாவுக்கு, அவர்கள் அப்பா என்பார்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறான். காலெல்லாம் மண். யாரும் ஏன் லேட் என்று கேட்கவில்லை. நேரே போய் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தான். அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திருப்பி, அவன் காதுக்குள் இதுவரை நடந்ததைச் சொல்லத் தொடங்கியது. டீச்சர் பாடத்தை நிறுத்தவே இல்லை.

மணி அடித்ததும் ராத்தா பாய்ந்து போனாள்.

"டீச்சர், அந்தப் புள்ள காதுக்குள்ள சொல்லிச்சே, அது என்ன?"

"அதா? அது அவன்ட சோடி. எல்லாருக்கும் ஒரு சோடி இருக்கு. வராதவனுக்குச் சோடி சொல்லிக் குடுக்கணும்."

"லேட்டா வந்தவன ஏசல்லையே நீங்க?"

"ஏசினா நாளைக்கு வரமாட்டான், டீச்சர்."

"இதத்தான் கேட்டு வந்தன்! ஒண்டும் செய்யிறல்ல எண்டீங்க?"

தான் செய்வது ஒரு விசயம் என்று அந்த டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போல. நாங்கள் புறப்படும்போது பீங்கானில் கருவாடு வைத்துக் கொண்டுவந்தா. ராத்தா வாங்கிக்கொண்டு, "பீங்கான் ஏற்கனவே நிரம்பிட்டு டீச்சர். இது மேலதிகம்" என்றாள். வழி முழுக்க ஓட்டோவில் கருவாட்டு மணம். ராத்தா பின்னால் இருந்து, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிள்ளை சோடி என்று வாய்விட்டுச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

இப்படிச் சொறிக்கல்முனைப் பக்கம் போனோம். ஒலுவில் பக்கம் போனோம். முஸ்லிம் பள்ளிக்கூடம், தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று அவள் பார்க்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. போவாள், பார்ப்பாள், கேட்பாள். தன்னிடம் உள்ளதில் அவர்களுக்கு உதவக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டு வருவாள். சில இடங்களில் அவர்களும் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். வரும்போது பீங்கானோடு வந்தார்கள். ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தவர்களும் உண்டு. டப்பாவையும் ராத்தா வெறுமனே அனுப்பமாட்டாள்.

ஒரு தடவை நல்ல நடைமுறைகளைப் பள்ளிக்கூடங்கள் பகிர்ந்துகொள்வது பற்றி ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பேனர், மாலை, மைக், கேக். போய்விட்டு வந்து ஓட்டோவில் ஏறியவள் அங்கே தந்த தாளைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"என்ன, கூட்டம் சரியில்லையா?"

"எல்லாரும் தங்கட கெட்டித்தனத்தச் சொன்னாங்கடா. ஒராளாவது, இது எங்களுக்குச் சரிவருகுதில்ல, நீங்க எப்படிச் செய்யிறீங்கெண்டு கேக்கல்ல. கேக்காட்டி ஆரு குடுக்கிற?"

"கேக் நல்லமா?"

"கேக் நல்லம்."

"எப்படிச் செய்தெண்டு கேட்டியா?"

"கேக்காம வருவனா?" என்றாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

ராத்தாவின் பள்ளிக்கூடத்தில் ஊரே பேசிய ஒரு விசயம் இருந்தது. கேற்றடி வாசிப்பு, அதாவது பள்ளி வாசல் கதவடியில் வாசிப்பு. அது ஒரு தோல்வியில் பிறந்தது.

பெற்றோர் கூட்டம் என்று கதிரை எடுத்து, தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார்கள். ஒருத்தரும் வரவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்தால் அத்தனை பேரும் கேற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். மோட்டார் சைக்கிள், சைக்கிள், ஓட்டோ. உள்ளே வரத்தான் வெட்கம். வந்தால் பிள்ளை படிக்கவில்லை என்று டீச்சர் ஏசுவா என்ற பயம். ராத்தா பார்த்துவிட்டு, "அவங்க வராட்டி நாம போவம்" என்று தன் வகுப்புப் பிள்ளைகளைப் புத்தகத்தோடு கேற்றடிக்கு நடத்திக்கொண்டு போனாள். கூட்டிப்போக வந்தவருக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால்தான் பிள்ளை வெளியே போகலாம். அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

முதல் வாரம் பெரிய பகிடியும் சிரிப்பும். மீன் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியோடு நின்றார்.

"சுருக்கா வாசி மனே, மீன் பழுதாகப் போகுது!"

"வாப்பா, எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கணும்."

"கூட்டு, கூட்டு. எனக்கு வாற நட்டத்தையும் சேத்துக் கூட்டு."

கடைசியில் அவர்தான் பெட்டியில் மேலதிகமாக ஐஸ் போட்டுக்கொண்டு வந்தார். மகன் இரண்டாம் பக்கமும் வாசிக்கிறேன் என்றால் நிற்க வேண்டுமே என்று.

எழுத்துத் தெரியாத ஒரு உம்மா ஒதுங்கி ஒதுங்கி நின்றா. ராத்தா பக்கத்தில் போய், "உங்களுக்கு வாசிக்கத் தெரியத் தேவையில்ல. அவட வாயப் பாருங்க. வாசிப்பு நிண்டா, திரும்பச் சொல்லு மகள் எண்டு மட்டும் சொல்லுங்க" என்றாள். அந்த உம்மாவை விடக் கவனமாகக் கேட்ட ஆள் அந்தக் கேற்றடியில் இல்லை.

ஓட்டோக்காரர்களான நாங்களும் தப்பவில்லை. என் ஓட்டோவில் வரும் பிள்ளைகள் எனக்கு வாசிக்கும். எட்டாம் ஆண்டில் விட்ட எனக்கு, இரண்டாம் ஆண்டுப் புத்தகம் முழுக்க இப்போது மனப்பாடம். நரி எந்தப் பக்கத்தில் வரும், மழை எந்தப் பக்கத்தில் பெய்யும், எல்லாம் தெரியும்.

பிள்ளைகளின் வாசிப்பு ஏறியது. ஊரில் கதை பரவியது. தூரத்திலிருந்தெல்லாம் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பள்ளிக்கூட அதிபர் சந்தோசத்தில் கேற்றுக்குப் புதுப் பெயின்ற் அடித்தார்.

அந்த நேரம்தான் அடுத்த குறிச்சிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தா. இளம் ஆள். ஓரத்தில் நீலப் பூப் போட்ட ஒரு பீங்கானில் மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்து, கேற்றடி வாசிப்பை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டா. தூரத்திலிருந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பாதி அவவின் குறிச்சிப் பிள்ளைகள்தான்.

அதிபர் ராத்தாவை ஒரு பக்கம் கூப்பிட்டார். நான் கேற்றடியில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"டீச்சர், கொஞ்சம் யோசிங்க. இப்பதான் ரெண்டு வகுப்பு நிரம்புது. இத அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா அந்தப் பிள்ளைகள் அங்கயே நிண்டிரும். ஒரு வகுப்புப் போகும். போனா மேலதிக ஆசிரியர் ஆரு? கடைசியா வந்தது நீங்கதான். உங்களத்தான் மாத்துவாங்க."

"விளங்குது சேர்."

"தூரத்துல போட்டா உம்மாவ ஆரு பாக்கிற?"

"அதுவும் விளங்குது. ஆனா சேர், அவங்க பீங்கானக் கொண்டு வந்திட்டாங்களே. எப்படி வெறுமனே அனுப்புற?"

"ஆரு வெறுமனே அனுப்பச் சொன்ன? பணியாரம் வெச்சு அனுப்புங்க டீச்சர்!"

ராத்தா பணியாரமும் வைத்தாள். கேற்றடி வாசிப்பையும் வைத்தாள். அந்த டீச்சரை அன்று விடும் நேரம் வரைக்கும் நிறுத்தி, பிள்ளைகள் வாசிப்பதைக் காட்டி, முதல் வாரம் என்ன பிழைத்தது என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். பிறகு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அந்த டீச்சரும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னா. பிறகு யோசித்து, முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்று அழுகிற பிள்ளையின் கையில் தாங்கள் மணியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னா. இடைவேளை மணியை அந்தப் பிள்ளைதான் அடிக்க வேண்டும். மணிக்குக் காவல் இருக்கிற பிள்ளைக்கு அழ நேரமில்லை.

அடுத்த வருடம் அதிபர் சொன்னதுதான் நடந்தது. முதலாம் ஆண்டில் ஒரு வகுப்புத்தான் தேறியது. அந்த வகுப்பில் அழுத பிள்ளைகளுக்கு அதிபரே தன் கையால் மணியைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ராத்தாவுக்கு வயல் வட்டைக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. விடியப் புறப்பட்டு, இரண்டு பஸ் மாற வேண்டும்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. உம்மா காலை நீட்டிக்கொண்டு அழுதா. "விடியக் காத்தால நீ போனா எனக்கு ஆரு மருந்து கட்டுற?"

எனக்கும் ஆத்திரம். "ராத்தா, உனக்கு வாய் சும்மா இருக்காதா? அந்த டீச்சர்கிட்டச் சொல்லாம இருந்திருந்தா நீ இஞ்சயே இருந்திருப்பாய்."

"அந்தப் பிள்ளைகள் முந்தி எவ்வளவு தூரம் வந்ததுகள்? இப்ப வீட்டடியில நடந்து போய் வாசிக்குதுகள். அதுல ஆருக்குடா நட்டம்?"

"எனக்கு! அதுகள் என்ட ஓட்டோவுல வந்த பிள்ளைகள்!"

ராத்தா என்னைப் பார்த்தாள். உம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டா. உம்மா சிரித்தால் அந்த வீட்டில் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் மதிலுக்கு மேலால் அந்த மாமியின் தலை வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா. "காலையில நான் வந்து மருந்து கட்டுறன். எப்படிக் கட்டுறெண்டு காட்டித் தா. சிப்புத் தச்சவட உம்மாவுக்குச் செய்யாம ஆருக்குச் செய்யிற?" ராத்தா மாமியின் கையைப் பிடித்துப் பஞ்சை எப்படி வைப்பது என்று காட்டினாள். மாமி இன்றைக்கும் அப்படியே கட்டுகிறா.

புதுப் பள்ளிக்கூடத்தில் ராத்தா சந்தோசமாகத்தான் இருந்தாள். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பின்னேரம் களைத்துப்போய் பஸ்ஸிலிருந்து இறங்குவாள். ஓட்டோவில் ஏறி, செருப்பைக் கழற்றியதும் தொடங்குவாள். "இஞ்ச கேளு, அங்க ஒரு சேர் கணக்குக்கு நெல்ல வெச்சு ஒரு வேலை செய்யிறார்..." அதைப் பழைய பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்புவாள். தன்னை அனுப்பிவிட்ட இடம் என்ற கோபம் அவளுக்கு வரவே இல்லை. எனக்கு வந்தது. ஓட்டோவோடு அந்தப் புதுப் பெயின்ற் கேற்றைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன மாரி மழைக் காலத்தில் ராத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நுளம்பு வலைக்குள் கிடந்தாள். அந்த வார்டில் ஒரு நேர்ஸ், வாசிக்கத் தெரியாத நோயாளிகளுக்கு ஒரு தாளில் கோப்பை கோப்பையாகப் படம் வரைந்து கொடுத்திருந்தா. தண்ணி குடிக்கக் குடிக்க ஒவ்வொரு கோப்பையாக நிறம் தீட்ட வேண்டும். ராத்தா அந்த நேர்ஸை நிறுத்தி, "இது நல்லா இரிக்கே மிஸ், எப்படி யோசிச்சீங்க?" என்று கேட்டாள். எழும்பி இருக்கவே முடியாத நேரம். நேர்ஸின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"தம்பி, அத ஒரு போட்டோ எடுத்து வெய்டா. வகுப்புக்கு ஆகும்."

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்ன முழு வசனம் அதுதான். போட்டோ என் போனில் கிடக்கிறது.

மரணம் நடந்த மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அக்கம்பக்கம் சாப்பாடு அனுப்புவது எங்கள் வழக்கம். ராத்தா போன நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த பீங்கான்களை வைக்க இடமில்லை. தெருவிலிருந்து வந்தது கொஞ்சம். மற்றதெல்லாம் பள்ளிக்கூடங்களிலிருந்து. பெரியநீலாவணை டீச்சர் நேரில் வந்து, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தா. பொட்டில்லாமல் வந்திருந்தா.

எல்லாம் ஓய்ந்த பிறகு, உம்மா பீங்கான்களைக் கழுவி அடுக்கிவிட்டு அப்படியே குந்திவிட்டா.

"இதுகள வெறுமனே திருப்பினா அவள் என்னோட கோவிப்பாள் மனே."

கடையில் பேரீச்சம்பழம் வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் வைத்தோம். ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஓரத்தில் நீலப் பூப் போட்டது. அதைக் கொண்டுபோகத்தான் எனக்கு மனமில்லை. ராத்தாவின் இடத்தை விழுங்கிய பீங்கான் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் வீட்டில் வைத்திருக்க முடியாதே.

நான் போனபோது பள்ளிக்கூடம் விடும் நேரம். அங்கேயும் கேற்றடியில் பிள்ளைகள் வாசித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓட்டோவை நிறுத்தியதும் ஒரு சின்னப் பெண்பிள்ளை புத்தகத்தோடு ஓடிவந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

"எங்கட வாப்பா இன்னும் வரல்ல. நீங்க சும்மாதானே இரிக்கீங்க? நான் உங்களுக்கு வாசிக்கட்டா?"

வாசித்தாள். நரி வருகிற பக்கம். எனக்குப் பாடமான பக்கம்தான். ஆனாலும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வாசிச்சீங்க மகள். போங்க."

"நீங்க இன்னும் சொல்லல்லையே."

"என்னத்த?"

"கேட்டவங்களும் ஒண்டு சொல்லணும். உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்டு. நான் அத நாளைக்கி வகுப்புல சொல்லணும். சும்மா கேட்டுட்டுப் போகக் கூடா."

வாயில் வந்தது, "எங்கட ராத்தாக்கு முருங்கைக்காய் புடிக்காது."

"அவ்வளவுதானா?" என்றாள். மிகவும் ஏமாந்து போனாள்.

அதற்குள் அந்த இளம் டீச்சர் வந்துவிட்டா. பீங்கானைக் கண்டதும் நான் யாரென்று தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டா.

"கேட்டவங்களும் ஒண்டு சொல்லணுமெண்டது எங்கட பிள்ளைகள் கண்டுபிடிச்சது. டீச்சர்ட பீங்கான் கதைய நான் வகுப்புல சொன்னன். அப்ப ஒரு புள்ள கேட்டிச்சி, நாங்க வாசிச்சுக் குடுக்கிறமே, அவங்க ஏன் வெறுமனே போறாங்கெண்டு. அதுக்குப் பொறவு இப்படி. வீட்டுல உள்ள கதையெல்லாம் இப்ப வகுப்புக்கு வருது. அத எழுதித்தான் அடுத்த நாள் வாசிக்கிற." கொஞ்சம் நிறுத்தினா. "டீச்சருக்குக் காட்டணுமெண்டு இரிந்தம். வரச் சொல்லி ஆளனுப்ப நினைச்ச கிழமைதான் காய்ச்சல் எண்டாங்க."

பீங்கான் ஓரத்து நீலப் பூவை விரலால் தடவினா.

"நான் அவவுக்கு மணி ஒண்டுதான் குடுத்தன்" என்றா. "அவ எனக்குத் தந்தது பெரிசு. அவட இடமும் அதோட போச்செண்டு பொறவுதான் எனக்குத் தெரியும். இதையாவது அவட பழைய ஸ்கூலுக்கு ஆராவது கொண்டு போகணும்."

வரும் வழியில் அந்தப் புதுப் பெயின்ற் கேற்றைக் கண்டேன். முகத்தைத் திருப்பவில்லை. ஓட்டோவைத் திருப்பினேன்.

அதிபர் தனியாகத் தன் கந்தோர் அறையில் இருந்தார். ராத்தா போனதிலிருந்து என்னிடம் பேச அவருக்கும் ஒரு மாதிரி. நான் கதிரையில் இருக்காமலே சொன்னேன். பிள்ளை வாசித்தது, கேட்டவர் ஒன்று சொல்ல வேண்டியது, அது மறுநாள் வகுப்புக்குப் போவது, எல்லாம். எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப அவங்கட பீங்கான் இப்ப நம்மட கையில கிடக்கு."

"ஓம் சேர்."

"திருப்பி என்ன குடுக்கிற, தம்பி?"

"எனக்குத் தெரியா சேர். பணியாரம் வெச்சு அனுப்புவமா?"

நான் குத்திச் சொன்னது அவருக்கு விளங்கியது. தலையைக் குனிந்தார். பிறகு மெல்லச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ராத்தா இருந்திருந்தால் பெரிய சத்தமாகச் சிரித்திருப்பாள்.

"அவ சொல்லி அனுப்பின நெல்லுக் கணக்கு நம்மட மூன்றாம் ஆண்டுல நல்லா ஓடுது. அத அவங்களுக்குக் காட்டுவம். நாளைக்கி விடுற நேரத்துக்கு முன்ன வாங்க தம்பி. நானும் வாறன்."

மறுநாள் அதிபர் என் ஓட்டோவின் பின்சீற்றில், ராத்தா வழக்கமாக இருந்து வந்த இடத்தில் இருந்தார். மடியில் ஒரு பீங்கான். அதில் நெல்லும், நெல்லுக்கு மேல் பணியாரமும். நீலப் பூப் பீங்கான்காரரின் பள்ளிக்கூடத்துக் கேற்றடியில் இறங்கி, "டீச்சர், இத எப்படிச் செய்யிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நான் ஓட்டோவைத் திருப்பி நிழலில் விட நினைத்தேன். அதற்குள் முன்பல் இல்லாத அந்தப் பெண்பிள்ளை வந்துவிட்டாள். இன்றைக்குப் புத்தகம் இல்லை.

"நீங்க நேத்துச் சொன்னத வகுப்புல சொன்னன். முருங்கைக்காய் மட்டும் போதாதாம். உங்கட ராத்தா எப்படிப்பட்ட ஆளெண்டு எல்லாரும் கேட்டாங்க."

"கொஞ்சம் பெரிய கதை மகள். வாப்பா வந்திருவாரே."

"அவர் நிப்பார்."

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன்.

"எங்கட ஊருல ஒரு வீட்டுலரிந்து பீங்கான்ல ஏதாவது வந்தா..." என்று தொடங்கினேன்.